இடது கால் என்று எழுதியவள்

நான் எழுதித்தான் அந்த அக்காவுக்கு நோய் வந்தது என்று அடி அண்ணாமலையில் சிலர் இன்றும் சொல்வார்கள். என்னைத் தெருவில் கண்டால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிற பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு ராத்திரி நானும்தான் அதை நம்பினேன். நர்சிங் வகுப்பில் பாடம் நடத்துகிறவள், கரும்பலகையில் கிருமிக்குப் படம் போட்டுக் காட்டுகிறவள், நம்பினேன். அது உண்மையில்லை என்று தெரிந்தபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். பயம்தான் அதிகமானது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. திருவண்ணாமலைக்கு வெளியே நான் வேலை பார்த்த வளாகத்தில் மருத்துவம், நர்சிங், லேப் படிப்பு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. வாசலில் பல்கலைக்கழகம் என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. தரத்தைக் காக்கவும் உயர்த்தவும் ஒரு குழு வைக்க வேண்டும். அந்தக் குழு வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை எழுத வேண்டும். போன வருடத்தைவிட இந்த வருடம் எதெதில் முன்னேறினோம் என்று அதில் சொல்ல வேண்டும். எங்கள் வாயில் அதற்குப் பெயர் ‘குவாலிட்டி’. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் வகுப்பு போக மீதி நேரத்துக்கு என்னைக் குவாலிட்டியில் போட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள் நான். சாயங்காலம் சீக்கிரம் விடுவார்கள் என்ற ஆசையில் தலையாட்டினேன்.

அறிக்கை போன பிறகு அதைச் சரிபார்க்க ஆய்வுக் குழு வரும். வந்ததும் அவர்கள் கேட்பது, நோயாளிகள் எங்கே என்பதுதான். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் வருவது அபூர்வம். ஊர் ஜனம் ஜி.எச்.சுக்குப் போகும், கொஞ்சம் வசதி இருந்தால் வேலூருக்குப் பஸ் ஏறும். விரித்த படுக்கைகள் விரித்தபடி வருடம் முழுக்கக் கிடக்கும். அதனால் ஆய்வன்று காலையில் எங்கள் வேன் அடி அண்ணாமலைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வரும். எல்லாரும் நன்றாக இருக்கிறவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டத்தை நம்பிக் கடை போடுகிற குடும்பங்கள். இடைப்பட்ட நாட்களில் வேலை கம்மி. ஒரு பகல் படுத்துக் கிடந்தால் ஒரு நாள் கூலியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர்களுக்கு நோய் எழுதுவது என் வேலை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? ஆளைப் பார்ப்பேன், வயதைக் கேட்பேன், கேஸ் ஷீட்டை எடுத்து எழுதத் தொடங்குவேன். எப்போது சேர்ந்தார், முதல் நாள் காய்ச்சல் எவ்வளவு, இரண்டாம் நாள் எவ்வளவு, ராத்திரி தூங்கினாரா, இட்லி சாப்பிட்டாரா, எல்லாம் வரும். ஐந்து நாள் கதையை அரைமணி நேரத்தில் எழுதிவிடுவேன். நாள் மாறும்போது பேனாவின் நிறத்தையும் மாற்றுவேன். குவாலிட்டி தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, “நீங்க கதை எழுதப் போயிருக்கணும், மேடம்” என்பார். எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது.

வார்டு மட்டும் எனக்குப் பிடிக்காது. நன்றாக இருக்கிற பன்னிரண்டு பேரை வெள்ளைத் துப்பட்டிக்குள் படுக்க வைத்துப் பாருங்கள். வேனிலிருந்து இறங்கும்போது சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் வருவார்கள். படுத்துக் கால்மணி நேரத்தில் பேச்சு குறையும். அப்புறம் நின்றே போகும். மூச்சிரைப்பு என்று எழுதிக் கட்டிலில் மாட்டிய ஆளுக்கு, யாரும் பார்க்காதபோதும் நெஞ்சு ஏறி இறங்கும். ஜன்னல் முழுக்க மலைதான் தெரியும். எல்லாரும் கண்ணை அதன் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள். கட்டில் கட்டிலாகப் போய் அவர்களுக்கு என்ன நோய் என்று நான் மெல்லச் சொல்லிக் கொடுப்பேன். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் விளையாட்டு இருக்காது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படுப்பதற்கு முன் தலையணைக்கு அடியில் ஒரு கொத்து வேப்பிலை வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் நேரே வீட்டுக்குள் போகமாட்டார்கள். பம்புசெட்டில் தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் போல ஈரத்துணியோடுதான் படியேறுவார்கள். முதலில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு வருடம் பங்குனி வெயிலில் ஆய்வு. அன்று வேனில் வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கிரிவலப் பாதையில் எலுமிச்சம்பழ ஜூஸ் விற்பவர். வெறுங்கால். வாயைத் திறந்தால் மூடமாட்டார். “எனக்கு நல்ல வியாதியா குடுங்க டீச்சர், போன தடவ வந்தவளுக்கு வெறும் வயித்து வலி குடுத்தீங்களாம்” என்று என்னிடமே கேட்டார். நான் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தேன். கை தானாக எழுதியது. சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை முந்நூறு. இடது பாதத்தில் மூன்று வாரமாக ஆறாத புண். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, புண்ணே இல்லாத அந்தக் காலுக்கு மருந்து தடவிக் கட்டுப் போடச் சொன்னேன்.

ஆய்வுக்கு வந்த டாக்டர் அவர் கட்டிலருகே நின்றார். “எவ்வளவு நாளா இருக்கீங்க?” என்று கேட்டார். “அஞ்சு நாளாங்க. சுகர் ஜாஸ்தி” என்றார் அக்கா, சொல்லிக் கொடுத்தபடியே. “கால் வலிக்குதா?” இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “வலியே தெரியலீங்க, மரத்துப் போன மாதிரி கீது” என்றார். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்ன அழகாக நடிக்கிறார் என்று நான் வியந்துபோனேன். சாயங்காலம் அவருக்கு மட்டும் இரண்டு பொட்டலம் கொடுத்தேன்.

அந்த வருட அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. கேஸ் ஷீட்டுகள் மாதிரிக்கு வைக்கத் தக்கவை என்று குழு எழுதியிருந்தது.

அடுத்த வருடமும் அதே வெயிலில் வேன் வந்தது. பாதிப் பேர் போன வருடம் வந்தவர்கள்தான். இறங்கியவர்கள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வரிசையாக உள்ளே போனார்கள். நான் கேஸ் ஷீட்டோடு முதல் கட்டிலுக்குப் போனதும் அங்கே இருந்த பெண் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“டீச்சர், எனக்கு சின்னதா எழுதுங்க. சளி, தலவலி, அந்த மாதிரி. போதும்.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஜூஸ் விக்கிற அக்காவுக்கு நீங்க எழுதுனது அப்டியே வந்துடுச்சு.”

நான் சிரிக்கப் பார்த்தேன். “என்னது வந்துடுச்சு?”

“கால்ல புண்ணு. மூணு பௌர்ணமி ஆயிடுச்சு, ஆறவே மாட்டேங்குது.”

“எந்தக் கால்?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எடது காலுதான். நீங்க எடதுனுதான எழுதுனீங்க?”

எனக்கு முதுகில் சில்லென்றது. வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, நான் கேட்கட்டும் என்றே, “கருநாக்குனு கேள்விப்பட்டிருக்கோம், இது கருங்கை” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முதல் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேனா பிடித்த கையை இல்லை, மற்றதை.

“அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. அந்தத் தாள தேடி எடுத்து, எழுதுனத அடிச்சுடணுமாம். எழுதுன கையாலயே அடிக்கணுமாம். அடிச்சுட்டா ஆறிடும்னு சொல்லுது. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வர மாட்டேங்குது. எழுத்த அடிக்காம மருந்து போட்டு இன்னா ஆவப்போவுதுனு கேக்குது.”

அன்று பன்னிரண்டு பேருக்கும் காய்ச்சல் என்றே எழுதினேன். வேறு எழுதக் கை வரவில்லை. தலைவர் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு, “என்ன மேடம், வார்டு முழுக்க ஒரே காய்ச்சலா? ஊர்ல கொள்ளைநோய்னு நெனச்சுக்கப் போறாங்க” என்று கத்தினார். மாற்றமாட்டேன் என்றேன். நான் அவரை எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான். குழுவுக்கு நேரமில்லை, மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்று மாதமாக ஆறாத கால் புண் என்று கேட்டால், ஒரு நர்ஸ் அந்த நிமிஷமே வேனில் ஏறிப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. மறுநாள் காலை ஃபைல் அறைக்குப் போனேன். போன வருடத் தாள்களைத் துணியில் மூட்டையாகக் கட்டி அங்கே வைத்திருப்போம். முன்னேற்றத்தை அளக்கப் பழைய தாள்கள் வேண்டும் என்பது விதி. கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையைப் பிரித்தேன். அக்காவின் கேஸ் ஷீட்டை உருவி எடுத்தேன். படித்தவள் பண்ணுகிற காரியமா என்று ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், யாராவது வருவதற்குள் அடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ‘இடது பாதம்’ என்ற வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தைத் திருப்பினால் லேப் சீட்டு குத்தியிருந்தது. சர்க்கரை முந்நூற்றிருபத்தெட்டு.

அந்தச் சீட்டு எனக்குப் புதிதில்லை. போன வருடம் நானேதான் அதைக் குத்தியிருந்தேன். ஆய்வன்று லேப் ரெஜிஸ்டரும் நிறைந்திருக்க வேண்டும் என்பதால், படுத்திருந்தவர்களிடமெல்லாம் கொஞ்சம் இரத்தம் எடுப்பார் எங்கள் லேப்காரர். டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்காரர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் முந்நூறு என்று எழுதியிருக்க, அவர் சீட்டில் முந்நூற்றிருபத்தெட்டு என்று வந்ததைப் பார்த்து, பாயும் பொருந்தப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அன்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அந்த எண் கையால் எழுதியதில்லை. மெஷின் அடித்தது.

சீட்டோடு லேப்புக்கு ஓடினேன். பாய் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாய், போன வருஷம் எல்லாருக்கும் சும்மாதானே நம்பர் போட்டீங்க?”

“சும்மா போடறதா?” என்றார். “பொய் எழுதணும்னா யோசிக்கணும் டீச்சர். ரத்தத்த மெஷின்ல வெச்சா அதுவே அடிச்சுக் குடுத்துடுது. எனக்கு இதுதான் சுளுவு.”

“அப்போ இந்த நம்பர்?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தார். “அந்தம்மா ரத்தம்தான். உங்க ஷீட்லயும் சுகர்னு பாத்தேன். டீச்சர் நிஜமாவே ஒரு கேஸ புடிச்சாந்து நடுவுல படுக்க வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஏன் டீச்சர், அப்டி இல்லியா?”

நான் எழுதியதைப் பார்த்து அவர் உண்மை என்று நினைத்தார். அவர் கொடுத்ததைப் பார்த்து நான் பொய் என்று நினைத்தேன். அந்த அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேன் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வந்து அந்தத் தாள்களைப் பார்த்தபோது கடைசியில் இன்னொன்று இருந்தது. நோயாளிகள் கருத்துப் படிவம். தர அறிக்கைக்கு அது கட்டாயம். ‘உங்கள் நோயைப் பற்றி உங்களுக்குப் புரியும்படி விளக்கினார்களா?’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. கீழே அக்காவின் கட்டை விரல் ரேகை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. போன வருடம் வேனிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து ஓடினார்கள். அக்கா மட்டும் வெறுங்காலோடு நிதானமாக நடந்து வந்தார். படுப்பதற்குள் மூன்று தரம் தண்ணி கேட்டார். இரண்டு தரம் கக்கூஸ் எங்கே என்று விசாரித்தார். இத்தனையும் என் கண் பார்த்திருக்கிறது. கை எழுதியிருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. என் உடம்புக்குள் என்னைவிட நல்ல நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, நான் பொய் எழுதுவதாக நினைத்த நேரத்தில் உண்மையை எழுதியிருக்கிறாள் என்று நினைத்தபோது, கருங்கை என்று சொன்னதே தேவலை என்று இருந்தது. அப்படியும் ஒன்று மிச்சம். புண் அன்றைக்கு இல்லை. வலதா இடதா என்று எந்தக் கண்ணாலும் பார்த்திருக்க முடியாது. இடது என்று ஏன் எழுதினேன் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைதான் அடி அண்ணாமலைக்குப் போனேன். நடுவில் இரண்டு நாள் என்ன செய்தேன் என்று கேட்டால், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை ஒரு முக்காலி மேல் நீட்டியிருந்தார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசித் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் வாசத்தையும் மீறி அந்த இன்னொரு வாடை வந்தது. நர்ஸுகளுக்கு அது தெரியும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடிச்சுட்டீங்களா டீச்சர்?”

ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. “அக்கா, நான் எழுதி இது வரல. அன்னிக்கே உங்க ஒடம்புல இருந்துச்சு. ரத்தத்துல தெரிஞ்சுது. பேப்பர்லயும் வந்துச்சு. நாங்க யாருமே உங்ககிட்ட சொல்லல. இப்பவே ஜி.எச்.சுக்குப் போகணும்.”

எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“பேப்பர்ல வந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

அவர் காலைக் குனிந்து பார்த்தார். “நீங்க எழுதி வந்துச்சுனு நெனச்சப்ப உங்க மேல எனக்குக் கோவமே வரல டீச்சர்” என்றார். “ஏதோ நம்ம நேரம்னு விட்டுட்டேன். இப்பதான் வருது. இத வெச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்?”

நான் அழுதேன். என் அழுகை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. அக்காவின் நாத்தனார் போய் ஆட்டோ கூட்டிவந்தாள். இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை ஏற்றினார்கள். ஜி.எச்.சில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், ஒரு மாதம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்னும் முன்னாடி வந்திருக்கலாமே என்று அங்கே கேட்டார்களாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று, அவர் பக்கத்தில் உட்காரலாம் என்று நானும் ஆட்டோவில் கால் வைத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“அந்த பாய் எல்லார்கிட்டயும்தான ரத்தம் எடுத்தாரு?”

“ஆமாக்கா.”

“என்கூட பதினோரு பேரு படுத்திருந்தாங்க. அவங்க பேப்பர்ல இன்னா வந்துச்சு?”

மூட்டையைப் பிரித்து அவருடைய தாளை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திரும்பக் கட்டி வைத்தவள் நான்.

“பாக்கலியா?” என்றார்.

“இல்லக்கா.”

“அப்ப நீங்க இதுல ஏறாதீங்க. போய் அத பாருங்க.”

ஆட்டோ போய்விட்டது. நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். வாட்ச்மேனிடம் கெஞ்சி ஃபைல் அறையைத் திறக்கச் சொல்லி, பதினோரு லேப் சீட்டுகளையும் தரையில் பரப்பி வைத்தேன். எண் எல்லை மீறியிருந்த மூன்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று பேரும் நான்கு நாட்களுக்கு முன்பு வார்டில் என் எதிரே படுத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் காய்ச்சல் என்று எழுதி, சாயங்காலம் நானே வேன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.